குடல் அறுவைக்குப் பின் பணிவிடையும் தொழுகையும்

பெருங்குடலில் புற்றுநோய் கண்டு, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளிகள் நம் மஹல்லாக்களில் இன்று அரிதானவர்கள் அல்லர். வீட்டார் அவர்களுக்கு வேளை தவறாமல் மருந்து கொடுக்கிறார்கள், கஞ்சி காய்ச்சுகிறார்கள், துணி துவைக்கிறார்கள். ஆனால் அந்த நோயாளி இன்று எத்தனை வக்து தொழுதார் என்று விசாரித்தால் பல வீடுகளில் பதில் வருவதில்லை. "அவருக்கு இந்த நிலையில் தொழுகை எப்படி?" என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறோம்.

நாமறிந்த பெரியவர் ஒருவர். பல்லாண்டுகளாக முதல் ஸப்பை விடாதவர். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் புற்று கண்டு, ஆசனவாயையும் சேர்த்து எடுத்துவிட்டு, வயிற்றின் இடப்பக்கத்தில் துவாரம் அமைத்து, மலம் அதன் வழியே பையில் இறங்கும்படி செய்திருந்தார்கள். அவர் வீடு திரும்பிய முதல் வாரத்தில் பார்க்க வந்த உறவினர் ஒருவர், "நஜீஸை வயிற்றில் கட்டிக் கொண்டு தொழுகை கூடுமா? அல்லாஹ் மன்னிப்பான், பேசாமல் படுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் ஆறுதலாகத்தான் சொன்னார். பெரியவர் அன்றோடு தொழுகையை நிறுத்திவிட்டார். எட்டு மாதங்கள். பாங்குச் சத்தம் கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கொள்வாராம். புண் நன்றாக ஆறிவிட்டதாக மருத்துவர் கூறினார். ஆனால் அவர் சரியாக உண்ணவில்லை, பேசவில்லை, பேரப்பிள்ளைகளைக் கூட அருகில் வர விடவில்லை.

மஸ்அலா தெரியாமல் நோயாளிக்குத் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஹதீதில் ஒரு நிகழ்ச்சி உண்டு. பிரயாணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம்பட்டது. அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்து கொள்ளலாமா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்கு அனுமதியில்லை என்று கூறிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்து போனார். செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்று கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா என்றும் கேட்டார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீது அபூதாவூதில் இருக்கிறது. அங்கே தவறான தீர்ப்பு உயிரை வாங்கிற்று; நம் பெரியவர் விஷயத்தில் எட்டு மாதத் தொழுகையை வாங்கிற்று.

முதலில் இந்த அறுவையைப் பற்றிச் சிறிது தெரிந்து கொள்வோம். பெருங்குடல் அறுவை செய்து கொண்ட எல்லோருக்கும் பை வைப்பதில்லை. நோயுள்ள பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, இரு முனைகளையும் அங்கேயே இணைத்து விடுவதுதான் பெரும்பாலும் நடப்பது. அப்படிப்பட்டவர்களுக்குச் சில வாரங்களோ மாதங்களோ அடிக்கடி மலம் போகும். அடக்குவது சிரமமாக இருக்கும். இணைத்த இடம் ஆறுவதற்காகச் சிலருக்குத் தற்காலிகமாகத் துவாரம் அமைத்து, சில மாதங்களில் மூடிவிடுகிறார்கள். மலக்குடலின் அடியில் நோய் கண்டு ஆசனவாயையே எடுக்க நேர்ந்தவர்களுக்குத் துவாரம் நிரந்தரம். 1908ஆம் ஆண்டில் லண்டனைச் சேர்ந்த மைல்ஸ் என்ற அறுவை மருத்துவர் விவரித்த முறை அது.

இப்போதுள்ள ஒட்டும் பைக்கு ஒரு வரலாறு உண்டு. அதை அறிந்தால் வீட்டுப் பெண்கள் மகிழ்வார்கள். டென்மார்க் நாட்டில் எலிஸ் ஸோரன்ஸன் என்ற செவிலியர் இருந்தார். அவருடைய சகோதரிக்கு இந்த அறுவை நடந்தது. கசிவுக்கும் வாடைக்கும் அஞ்சி அந்தச் சகோதரி வெளியே செல்வதையே நிறுத்திவிட்டார். அதைக் கண்டு பொறுக்காத எலிஸ், தோலில் ஒட்டிக் கொள்ளும் பை ஒன்றை 1954ஆம் ஆண்டில் யோசித்துக் கண்டுபிடித்தார். நோயாளி அறைக்குள் அடைந்து கிடப்பதைத் தீர்க்கவே பிறந்த பை அது. அதையே காரணமாக வைத்து நாம் நோயாளியை அறைக்குள் அடைப்பது எவ்வளவு விபரீதம்!

இனி தொழுகைக்கு வருவோம். இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூலநோய் இருந்தது. தொழுகையைப் பற்றி அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, நின்று தொழும்படியும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதற்கும் இயலாவிட்டால் விலாப்புறமாகச் சாய்ந்தும் தொழும்படி கூறினார்கள். புகாரியில் உள்ள ஹதீது இது. நோயாளியின் தொழுகைக்கு ஆலிம்கள் எடுத்துக் காட்டும் முதல் ஆதாரமே மலத்துவாரத்து நோயாளி ஒருவர் கேட்ட கேள்விதான். அவர் வெட்கப்பட்டுக் கேட்காமல் இருந்திருந்தால்?

அடுத்தது, இடைவிடாமல் உதிரம் கண்ட பாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. தொழுகையை விட்டுவிடட்டுமா என்று அந்த அம்மையார் கேட்டார்கள். வேண்டாம், இது நரம்பிலிருந்து வருவது. மாதவிடாய் நாட்கள் கழிந்தபின் கழுவிக் கொண்டு தொழுதுவாருங்கள் என்ற கருத்தில் விடை கிடைத்தது. அடக்க முடியாமல் சிறுநீர், காற்று, மலம் வெளியாகிறவர்களின் சட்டத்தை மத்ஹபுடைய இமாம்கள் இதன் மீதுதான் அமைத்திருக்கிறார்கள். இத்தகையவரை 'மஃதூர்' அதாவது தங்கடமுள்ளவர் என்கிறோம். உமர் (ரலி) அவர்கள் கத்தியால் குத்தப்பட்ட பின்னும், காயத்திலிருந்து இரத்தம் ஓடிக்கொண்டிருந்த நிலையில் தொழுதார்கள் என்பதை யாவரும் அறிவோம்.

ஹனபி மத்ஹபில், ஒரு தொழுகையின் நேரம் முழுவதிலும் உளூச் செய்து பர்ளைத் தொழும் அளவுக்குக் கூட இடைவெளி கிடைக்காதவரே மஃதூர் ஆகிறார். பிறகு ஒவ்வொரு நேரத்திலும் ஒரு முறையேனும் அந்தத் தங்கடம் ஏற்பட்டு வந்தால் அந்த நிலை நீடிக்கும். அவர் நேரத்துக்கு ஒரு முறை உளூச் செய்தால் போதும். அந்த நேரம் முடியும் வரை, பையில் எவ்வளவு இறங்கினாலும் அதனால் உளூ முறியாது. பர்ளும் தொழலாம், சுன்னத்தும் தொழலாம், களாவும் தொழலாம்.

ஷாபி மத்ஹபில் நேரம் வந்த பின்பே உளூச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பர்ளுக்கும் தனி உளூ. அதற்கு முன் சுத்தம் செய்து, துவாரத்தை மூடிக் கட்டிக் கொள்ள வேண்டும். உளூவுக்குப் பின் தாமதிக்கக் கூடாது. ஜமாஅத்துக்காகக் காத்திருப்பது தாமதத்தில் சேராது. நிய்யத்தில், தொடக்கை நீக்குவதாகக் கருதாமல் தொழுகையை ஆகுமாக்கிக் கொள்வதாகக் கருத வேண்டும். அந்த ஓர் உளூவில் சுன்னத்துகள் எத்தனையும் தொழலாம். மேலும், இயற்கையான வழி அடைபட்டிருக்கிறதா திறந்திருக்கிறதா, துவாரம் தொப்புளுக்கு மேலா கீழா என்பதைப் பொறுத்து அதன் வழியே வருவது உளூவை முறிக்குமா என்பதில் ஷாபி நூல்களில் விரிவான பேச்சு இருக்கிறது. உங்கள் ஊர் ஆலிமிடம் போகும்போது இந்த இரு விவரங்களையும் மருத்துவரிடம் கேட்டுக் கொண்டு செல்லுங்கள். வெறுமனே 'ஆபரேஷன் ஆகியிருக்கிறது' என்று சொன்னால் அவர் எப்படிப் பதில் கூறுவார்?

இங்கே ஒரு நுட்பம். துவாரம் உள்ளவர் எல்லோரும் மஃதூர் அல்லர். பெருங்குடலின் இறுதியில் துவாரம் அமைந்தவர்களுக்குச் சில மாதங்களில் மலம் கெட்டியாகி, நாளுக்கு ஓரிரு முறை, அதுவும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெளியாகத் தொடங்கும். அப்படி இடைவெளி கிடைத்துவிட்டால் அவர் அந்த இடைவெளியில் எல்லோரையும் போல் உளூச் செய்து தொழ வேண்டியதுதான். சிறுகுடலில் துவாரம் அமைந்தவர் நிலை வேறு. அவருக்கு நீராக அடிக்கடி இறங்கிக் கொண்டேயிருக்கும். பெரும்பாலும் மஃதூருடைய சட்டம் இவருக்குத்தான் பொருந்தி வரும்.

தற்காலிகத் துவாரம் உள்ளவர்களுக்கு ஆசனவாய் வழியே சளி போன்ற ஒன்று அவ்வப்போது வெளியாகும். மலம் வராத குடல் தானே சுரப்பது அது. நோய் திரும்பிவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் முன்பின் துவாரங்களிலிருந்து வெளியானதாகையால் உளூவை முறிக்கும்.

பையில் நஜீஸ் இருக்கிறதே என்பார்கள். தொழுமுன் பையைக் காலி செய்து கழுவிக் கொள்ள முடிந்தால் செய்ய வேண்டும். இரண்டு துண்டாக வரும் பையானால், தோலில் ஒட்டிய வட்டை அப்படியே இருக்க, பையை மட்டும் கழற்றிப் புதியதை மாட்டிக் கொள்ளலாம். ஒரு நிமிட வேலை. ஒட்டிய வட்டையை வேளைக்கு வேளை பிய்த்தெடுக்கத் தேவையில்லை. பிய்த்தால் தோல் உரிந்து புண்ணாகும். அதற்கு மேல் தவிர்க்க முடியாததை ஷரீஅத் மன்னித்திருக்கிறது.

மருத்துவமனையில் இருக்கும்போதே தொழுகை தொடங்கி விடுகிறது. கையில் டிரிப்ஸ் ஊசிக்காகப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தால் மற்ற இடங்களைக் கழுவி, அதன் மீது ஈரக்கையால் தடவிக் கொள்ள வேண்டும். ஷாபிகள் தயம்முமும் சேர்த்துச் செய்ய வேண்டும். ருகூஉக்கும் ஸுஜூதுக்கும் குனிவது ஆறாத வயிற்றுக்குப் பாரம். அறுவைக்குப் பின் முதல் ஆறு வாரமாவது கனமானதைத் தூக்கக் கூடாது, வயிற்றை இறுக்கக் கூடாது என்று மருத்துவர்கள் கூறுவதன் காரணம், தையலிட்ட இடம் பலவீனப்பட்டுக் குடல் பிதுங்கி விடும் என்பதுதான். குனியலாம் என்று மருத்துவர் சொல்லும் வரை நாற்காலியில் அமர்ந்து சைக்கினையால் தொழலாம். ஸுஜூதின் சைக்கினை ருகூஉவை விடச் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும். ஆனால் நிற்க முடிந்த ஷாபி, தக்பீரையும் ஓதுதலையும் நின்றே செய்ய வேண்டும். ஸுஜூது செய்ய இயலாத ஹனபி ஆரம்பத்திலிருந்தே உட்காரலாம். குளிப்பைப் பற்றியும் அஞ்ச வேண்டாம். காயம் ஆறிய பின் பையுடனும் குளிக்கலாம், பையில்லாமலும் குளிக்கலாம். துவாரத்தின் வழியே தண்ணீர் உள்ளே போய்விடாது.

அறுவைக்கு முன்பே செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. துவாரம் வைக்கப் போகும் இடத்தை முன்னதாகவே மையால் குறிப்பார்கள். அந்தச் சமயத்தில் நோயாளி வெட்கப்படாமல், தாம் கைலி கட்டும் இடத்தையும், ருகூஉவிலும் இருப்பிலும் வயிறு மடியும் இடத்தையும் காட்டிவிட வேண்டும். மடிப்பிலோ கைலியின் முடிச்சிலோ துவாரம் அமைந்து விட்டால் பை ஓயாமல் ஒழுகும். பெண்களுக்குச் சேலைக் கொசுவம் வரும் இடமும் அப்படியே. மயக்க மருந்து கொடுத்த பிறகு இதை யார் சொல்வது?

இனி, வீட்டார் கையால் செய்யும் பணிவிடை. கணவனுக்கு மனைவியும் மனைவிக்குக் கணவனும் செய்வதில் மறைவிடம் என்ற பேச்சே இல்லை. மற்றவர் செய்யும்படியானால் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று பார்த்துக் கொள்ளலாம்; ஆளில்லாதபோது தேவையின் அளவுக்கு அனுமதி உண்டு.

துவாரத்தைப் பார்த்த முதல் நாள் பலர் பயந்து விடுகிறார்கள். அது உதட்டின் உட்புறம் போல் சிவந்து, ஈரமாக இருக்கும். அப்படி இருப்பதே ஆரோக்கியம். தொட்டால் வலிக்காது, துடைக்கும்போது துளி இரத்தம் கசிந்தாலும் குற்றமில்லை. கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மலமும் காற்றும் நின்று, வயிறு முறுக்கி வாந்தியும் வந்தால் அப்படியே. சுற்றியுள்ள தோலை வெதுவெதுப்பான வெறும் தண்ணீரால் கழுவி, ஒற்றி எடுத்தால் போதும். தேங்காய் எண்ணெய் தடவும் நம் வீட்டுப் பழக்கம் இங்கே உதவாது, வட்டை ஒட்டாது. கிருமிநாசினியும் வேண்டாம். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும். கனத்தால் இழுபட்டுக் கழன்று விடும்.

முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் துவாரம் சுருங்கிக் கொண்டே வரும். ஆகவே மருத்துவமனையில் வெட்டித் தந்த அளவையே கடைசி வரை வைத்துக் கொள்ளாமல், வட்டை மாற்றும்போதெல்லாம் அளந்து, துவாரத்தை விட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்ட வேண்டும். தோல் வெந்து போவதற்கு மிகப் பெரும் காரணம் இந்த அளவுப் பிழைதான். வட்டை மாற்ற உகந்த வேளை, வயிறு காலியாக இருக்கும் அதிகாலை. ஸுப்ஹுக்கு எழும் வீட்டில் இது சிரமமில்லை.

இருமலோ தும்மலோ வந்தால் சிறு தலையணையை வயிற்றில் அணைத்துக் கொள்ளச் சொல்லுங்கள். கால்களில் இரத்தம் உறையாதிருக்க முதல் நாட்களிலேயே நடக்க வைப்பார்கள்; வீட்டில் வந்து 'பாவம், படுக்கட்டும்' என்று அதைக் கெடுத்துவிடக் கூடாது. சாப்பாடு முதலில் குழைந்த சோறு, இட்லி, மோர், எலும்புச் சாறு என்று சிறிது சிறிதாக, மென்று உண்ணும்படி இருக்கட்டும். தேங்காய்ச் சில்லு, கடலை, சோளம் போன்றவை துவாரத்தில் அடைத்துக் கொள்ளும். பார்க்க வருகிறவர்கள் பிரியாணிப் பொட்டலமும் சோடா பாட்டிலும் கொண்டு வந்து அன்பைக் காட்டுகிறார்கள். அந்த அன்பை வீட்டிலுள்ள மற்றவர்கள் சாப்பிட்டுத் தீர்க்கலாம்.

அறுவைக்குப் பின் ஊசி மருந்து ஏற்றும்போது இன்னொன்று. பெருங்குடல் புற்றுக்குக் கொடுக்கும் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து, குளிர்ந்ததைத் தொட்டால் விரல்களில் ஊசி குத்துவது போன்ற வேதனையை உண்டாக்கும். குளிர்ந்த நீரைக் குடித்தால் தொண்டை இறுகும். அவர் உளூவைத் தவிர்ப்பது சோம்பலால் அல்ல. ஒரு செம்பு வெந்நீர் கலந்து வைத்தால் ஸுப்ஹு தப்பாது.

நோன்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஊசி மருந்து நடக்கும் காலத்தில் நோன்பை விட்டு, குணமான பின் களாச் செய்ய வேண்டும். சிறுகுடல் துவாரமுள்ளவர் உடம்பிலிருந்து நீரும் உப்பும் ஓயாமல் வெளியேறுவதால் நோன்பு அவருக்குச் சிறுநீரகத்தையே கெடுக்கக் கூடும். துவாரம் நிரந்தரமாகி, இனி நோற்கவே இயலாது என்று மருத்துவர் கூறினால் பித்யா கொடுத்தால் போதும். பெருங்குடல் துவாரமுள்ளவர் மருத்துவர் அனுமதித்தால் நோற்கலாம். ஆனால் துவாரத்தின் வழியே தண்ணீர் செலுத்திக் குடலைக் கழுவிக் கொள்ளும் வழக்கமுள்ளவர்கள், பகலில் செய்தால் நோன்பு முறியும் என்பதால், அதை இரவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

பள்ளிவாசலுக்கு வரலாமா? அகழ்ப்போரில் ஸஅது இப்னு முஆது (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு பாய்ந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாம் அருகிலிருந்து அடிக்கடி பார்த்துக் கொள்வதற்காக அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அடிக்கச் செய்தார்கள். ருபைதா (ரலி) என்ற அம்மையார் காயம்பட்டோருக்கு மருந்திட்டுப் பணிவிடை செய்தவர்கள். ஸஅது (ரலி) அவர்கள் அந்த அம்மையாரிடமே ஒப்படைக்கப்பட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் காலையிலும் மாலையிலும் அவ்வழியே செல்லும்போது எப்படி இருக்கிறீர் என்று விசாரிப்பார்கள். பின்பு காயம் திறந்து, இரத்தம் பக்கத்துக் கூடாரம் வரை ஓடிய செய்தியும் ஹதீதில் வருகிறது. காயம்பட்டவரைப் பள்ளிக்குள் வைத்துப் பார்த்தவர்களின் உம்மத்து நாம். பை ஒழுகாமல், வாடை பிறரை எட்டாமல் இருக்குமானால், மூடிய பையோடு வருகிறவரை நாம் தடுக்க நியாயமில்லை. நன்றாக ஒட்டிய பையிலிருந்து வாடை வெளியே வருவதுமில்லை. ஒழுகும் நாளில் அவர் வீட்டில் தொழுது கொள்ளலாம். ஜமாஅத்தை விட அது தக்க காரணம்தான்.

நோயாளியின் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். தகப்பனுக்கோ தாய்க்கோ இந்நோய் கண்டிருந்தால், நாற்பது வயதில், அல்லது அவர்களுக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டுகள் முன்னதாக, இரண்டில் எது முந்துகிறதோ அப்போது குடலைக் குழாய் விட்டுப் பரிசோதித்துக் கொள்ள வேண்டும் என்பது மருத்துவர்கள் கணக்கு. வாப்பாவுக்கு நாற்பத்தாறு வயதில் கண்டதென்றால் மகனுக்கும் மகளுக்கும் முப்பத்தாறில். சம்பந்தம் பேசும் வீட்டில் தெரிந்து விடுமே என்று நோயின் பெயரையே மறைக்கும் குடும்பங்களில், பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு போய்ச் சேருவதில்லை.

பெரியவரின் கதையை நடுவில் விட்டு விட்டோம். எட்டாம் மாதத்தில் அவருடைய மகள் பள்ளியின் இமாமிடம் ஆளனுப்பிக் கேட்டார். இமாம் அவர்கள் கிதாபைக் கையிலெடுத்துக் கொண்டு நேரே வீட்டுக்கு வந்து, கட்டிலருகே அமர்ந்து, மஃதூருடைய பாடத்தை வாசித்து விளக்கினார். பெரியவர் வெகுநேரம் அழுதார் என்றும், பிறகு அஸருக்கு உளூச் செய்யத் தண்ணீர் கேட்டார் என்றும் மகள் கூறினார். விடுபட்ட தொழுகைகளுக்குக் கணக்குப் போட்டார்கள். ஆயிரத்து இருநூறு வக்து வந்தது. அவர் ஹனபி மத்ஹபினர் ஆதலால் ஒவ்வொரு பர்ளோடும் அதே உளூவில் ஒரு களாவைச் சேர்த்துத் தொழுது, ஒரு பழைய டைரியில் கோடு கிழித்து வருகிறார். நாம் சென்ற மாதம் பார்க்கப் போனபோது முந்நூற்றுப் பதினொன்று ஆகியிருந்தது.